நுரைக்குக் கொடுத்த காசு

நல்ல மழை பெய்த மறுநாள் பெங்களூரின் வர்த்தூர் கோடி வழியாக ஸ்கூட்டரில் போகிறவர்கள் ஒரு காலத்தில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். வர்த்தூர் ஏரி நிரம்பி வழிந்து விழும் இடத்தில் வெள்ளை வெளேரென்று நுரை கிளம்பும். மதில் உயரத்துக்கு ஏறும். காற்றடித்தால் பிய்ந்து பறந்து சாலையில் போகிறவர்கள் மேல் வந்து உட்காரும். பட்ட இடம் அரிக்கும், நாற்றம் குடலைப் புரட்டும். சாலைக்கும் ஏரிக்கும் நடுவே உயரமாக வலை கட்டிப் பார்த்தார்கள். அதற்கு மேலே இருக்கிற பெல்லந்தூர் ஏரியில் 2015 மே மாதம் அந்த நுரையே தீப்பிடித்து எரிந்தது. கர்நாடகத் தலைநகரில் ஏரி எரிகிறது என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளும் படம் போட்டன.

இந்த நுரை வானத்திலிருந்து விழுந்ததல்ல. இந்திய அறிவியல் கழகத்தில் டி.வி. ராமச்சந்திராவின் ஆய்வுக் குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. சுத்திகரிக்காத கழிவுநீரோடு வந்து சேரும் சலவைப் பவுடரும் அதன் பாஸ்பேட்டும் ஏரியில் தங்குகின்றன. அடியில் வண்டலாகப் படிகின்றன. மழை வந்து கலக்கி, தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது காற்று புகுந்து நுரையாகக் கிளம்புகின்றன என்று அந்தக் குழு சொன்னது. வாளியில் பவுடரைப் போட்டுக் கையால் அடித்துக் கலக்குகிறோமே, அதே வேலையை ஏரி பெரிய அளவில் செய்தது.

நம் வீட்டில் துணிக்குப் போட்டது போக மிஞ்சிய பவுடரும் அதில் இருந்தது. மிஞ்சியது என்றால், தேவைக்கு மேல் காசு கொடுத்து வாங்கியது. எனவே சலவைப் பவுடரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எதில் மிச்சம் பிடிப்பது என்ற கேள்விக்கு, நுரை பிறந்த கதையிலிருந்து போனால்தான் சரியான பதில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நுரையே இல்லாமல் வெளுத்த காலம் ஒன்று இருந்தது. வண்ணார் துறையில் உவர்மண்ணைக் கரைத்த தண்ணீரில் துணியை முக்கி, பானைக்கு மேல் அடுக்கி, இரவெல்லாம் வெள்ளாவி வைப்பார்கள். விடிந்ததும் கல்லில் அடித்து, வெயிலில் விரிப்பார்கள். உவர்மண்ணில் இருந்த கார உப்பும் ஆவியின் சூடும் வெயிலும் சேர்ந்து அழுக்கை எடுத்தன. பட்டுக்கு மட்டும் பூந்திக்கொட்டை. அது நுரைக்கும், ஆனால் நுரைக்காக யாரும் அதை வாங்கவில்லை.

கட்டிச் சோப்பு வந்தபோதுதான் நுரைக்கு மரியாதை பிறந்தது. 1888-இல் கல்கத்தா துறைமுகத்தில் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. பெங்களூருக்கே சொந்தமாகச் சோப்பு வந்தது 1918-இல். முதல் உலகப் போரால் சந்தனக்கட்டை ஏற்றுமதி நின்று போய், தேங்கிய கட்டையிலிருந்து எண்ணெய் எடுக்க மைசூர் அரசு ஆலை தொடங்கி, பிறகு சோப்புக்கும் ஆலை கண்டது. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் பின்னால் நின்ற அந்த மைசூர் சாண்டல் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அது குளியல் சோப்பு என்பதால் இங்கே நமக்கு வேலையில்லை. 1980-இல் அது கம்பெனியானபோது வைத்த பெயரை மட்டும் கவனியுங்கள்: கர்நாடகா சோப்ஸ் அண்ட் டிடர்ஜென்ட்ஸ். சந்தன வாசம் வீசிய அரசாங்கமே அப்போது பவுடர் பக்கமும் ஒரு கண் வைத்துவிட்டது.

சோப்பு என்பது எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு காய்ச்சி எடுப்பது. அதற்கு ஒரு பலவீனம் உண்டு. கிணற்றிலும் போர்வெல்லிலும் வரும் கடினநீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்திருக்கும். சோப்பு அவற்றோடு சேர்ந்து திப்பி திப்பியாகப் பிரிந்து, துணியில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த உப்புகள் முழுவதும் தீர்ந்த பிறகுதான் மீதிச் சோப்பு நுரைக்கும். 1841-இல் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் இதையே ஓர் அளவுகோலாக மாற்றினார். தண்ணீரில் சோப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்க எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்த்து, தண்ணீரின் கடினத்தைச் சொல்லிவிடலாம்.

ஆக, நுரை வந்தால்தான் துணி வெளுக்கும் என்று நம் பாட்டிகள் நம்பியது மூடநம்பிக்கை இல்லை. கட்டிச் சோப்பைப் பொறுத்தவரை அது சுத்தமான வேதியியல். சோப்பு போதுமா போதாதா என்பதை நுரைதான் சொன்னது. கோளாறு அதற்குப் பிறகு வந்தது. சரக்கு மாறியது, நம்பிக்கை மாறவில்லை.

சரக்கை மாற்றியது ஜெர்மனி. முதல் உலகப் போரில் கொழுப்புக்குப் பஞ்சம் வந்தபோது, கொழுப்பே இல்லாமல் அழுக்கெடுக்கும் பொருளைத் தேடி அங்கே செயற்கைச் சலவைப் பொருள்களைச் செய்து பார்த்தார்கள். 1933-இல் அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் ட்ரெஃப்ட் என்ற டிடர்ஜென்ட்டைக் கொண்டுவந்தது. 1946-இல் பாஸ்பேட் சேர்த்த டைட் வந்ததும் சோப்பின் ராஜ்ஜியம் ஆட்டம் கண்டது. டிடர்ஜென்ட்டின் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை தண்ணீரை விரும்பும், வால் எண்ணெயை விரும்பும். வால் அழுக்கில் போய்க் குத்திக்கொள்ள, தலை தண்ணீர்ப் பக்கம் இழுக்க, அழுக்கு துணியைவிட்டுப் பெயர்கிறது. வேலை முழுவதும் நடப்பது துணிக்கும் தண்ணீருக்கும் இடையில். தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையில் வேலையில்லாமல் நிற்கிற மூலக்கூறுகளின் கூட்டம்தான் நுரை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்களை விட்டுவிட்டு வாசலில் நிற்கிற கூட்டத்தை எண்ணிச் சாப்பாடு எப்படி என்று முடிவு செய்வதைப் போன்றது, நுரையைப் பார்த்துப் பவுடரை எடைபோடுவது.

பெல்லந்தூருக்கு முன்பே உலகம் இந்த நுரையைப் பார்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய டிடர்ஜென்ட்டின் வால் கிளை கிளையாகப் பிரிந்தது. பாக்டீரியாவால் அதைக் கடித்துத் தின்ன முடியவில்லை. 1950-களில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்தன. சில ஊர்களில் குழாயைத் திறந்தால் டம்ளரிலேயே நுரை நின்றது. ஜெர்மனி 1961-இல் சட்டம் போட்டது. 1960-களின் நடுவில் அங்கும் அமெரிக்காவிலும் கிளை வாலை விட்டு நேர் வாலுக்கு மாறினார்கள். நேர் வாலை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், ஆனால் அதற்குக் காற்று வேண்டும். பிராணவாயுவே இல்லாத சாக்கடைத் தண்ணீரில் நேர் வாலும் அப்படியே கிடக்கும். பெல்லந்தூரில் நடந்தது இதுதான். பவுடரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு, சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஏரியில் விட்டவர்களை மறந்துவிடக் கூடாது.

அந்த நேர் வால் நம்மூர் சரக்குதான். மண்ணெண்ணெயிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து, பென்சீனோடு சேர்த்தால் லீனியர் ஆல்கைல் பென்சீன், சுருக்கமாக எல்.ஏ.பி. 1980-களின் கடைசியிலிருந்து சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் இதைச் செய்கிறது. இதைக் கந்தக அமிலத்தோடு வினைபுரியவைத்தால் பழுப்பு நிறத்தில், பாகு போல, மூக்கைத் துளைக்கும் நெடியோடு ஒரு திரவம் வரும். குடிசைத் தொழிலாகப் பவுடர் செய்கிறவர்களுக்கு அதன் பெயர் ஆசிட் ஸ்லரி. அதில் சலவை சோடாவைக் கொட்டிக் கிளறினால் பொங்கிச் சூடாகி, பிறகு பொலபொலவென்று உதிரும். பவுடர் பிறந்துவிட்டது.

இப்படிக் கிளறியே ஒருவர் இந்தியாவை வென்றார். 1959-இல் இங்கே வந்த சர்ஃப், பெரிய கோபுரத்தில் கூழைத் தெளித்து சூடான காற்றில் உலர்த்திச் செய்யும் நீலப் பவுடர். நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாத விலை. 1969-இல் அகமதாபாத்தில் குஜராத் அரசின் சுரங்கத் துறையில் வேலை பார்த்த கர்சன்பாய் படேல், வீட்டுக் கொல்லையில் கையாலேயே கலந்து மஞ்சள் பவுடர் செய்து, வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்றார். கோபுரம் இல்லை, வாசனை இல்லை, சோடா நிறைய. மகள் நிருபமாவின் பெயரைச் சுருக்கி நிர்மா என்று வைத்தார். சர்ஃப் கிலோ ஏறக்குறைய 13 ரூபாய்க்கு விற்றபோது அவர் கேட்டது 3 ரூபாய் சொச்சம். கை எரியும், ஆனால் துணி வெளுக்கும், பர்ஸ் பிழைக்கும். 1980-களின் நடுவில் நாட்டிலேயே அதிகம் விற்கும் பவுடர் அதுதான்.

சர்ஃப் விலையைக் குறைக்கவில்லை. லலிதாஜியைக் கொண்டுவந்தது. அலீக் பதம்ஸி உருவாக்கி, கவிதா சௌத்ரி நடித்த அந்த நீலக் கரைச் சேலைக்காரி, காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் கறாரோடு ஒரு கணக்குச் சொன்னாள்: அரைக்கிலோ சர்ஃப், ஒரு கிலோ மலிவுப் பவுடருக்குச் சமம். விளம்பரம் என்பதால் அதை நம்ப வேண்டியதில்லை. கணக்குப் போட்ட முறை மட்டும் இன்றைக்கும் சரி. கிலோ விலையைப் பார்க்காதே, ஒரு வாளித் துணிக்கு எவ்வளவு ஆகிறது என்று பார் என்கிறாள். இதே கம்பெனி பின்னால் வீல் என்ற மலிவுப் பவுடரையும் இறக்கி நிர்மாவோடு மல்லுக்கு நின்றது. லலிதாஜி அதற்கு என்ன சொல்லியிருப்பாளோ.

இந்தச் சண்டையில் சந்தடியில்லாமல் நுழைந்துவிட்டது நுரை. விலை குறைந்த பவுடரில் அழுக்கெடுக்கும் சரக்கு குறைவு, சோடாவும் நிரப்பும் உப்பும் அதிகம். வாங்குகிறவர் கடையிலேயே இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இந்தியத் தர நிறுவனம் வீட்டுச் சலவைப் பவுடரை அதில் உள்ள சரக்கின் அளவைப் பார்த்து மூன்று தரமாகப் பிரித்திருக்கிறது. அதைப் பார்த்து வாங்குகிறவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒரே சாட்சி வாளியில் எழும் நுரை. அதனால் கம்பெனிகள் நுரையை விற்றன. கைப்பவுடரும் பாத்திரத் திரவமும் வீட்டில் செய்து விற்கிறவர்கள்கூட நுரைக்காக ‘எஸ்.எல்.இ.எஸ்.’ என்ற பசையைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். அல்சூரில் ரொம்ப வருஷமாகக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் நுரை குறைந்த பவுடர் ஒன்றைக் கேட்டேன். “சார், அது நல்ல சரக்குதான், நான் இல்லேங்கல. ஆனா ஒரு தடவ வாங்கினவங்க ‘அண்ணாச்சி, என்னத்தக் கொடுத்தீங்க, நொரையே வரல’ன்னு திருப்பிக் கொண்டாந்து போடுவாங்க. எனக்கெதுக்கு வம்பு?” என்றார்.

பெரிய கம்பெனிக்கே அந்த வம்பு தெரியும். 2000-களின் தொடக்கத்தில் சர்ஃப் எக்ஸெல் நுரை குறைந்த பவுடரைக் கொண்டுவந்தபோது, நுரை குறைவு என்று சொல்லி விற்கவில்லை. தினமும் இரண்டு வாளித் தண்ணீர் மிச்சம் என்று சொல்லி விற்றது. குழாயடியில் குடத்தோடு நிற்கிறவர்களுக்கு அது உடனே புரிந்தது. சென்னையும் பெங்களூரும் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டே இருக்கிற ஊர்கள். 2024 கோடையில் பெங்களூரில் டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அலசுவதற்கு மூன்று வாளியா இரண்டு வாளியா என்பது அந்த மாதங்களில் வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது.

நுரை எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வர்த்தூர் ஏரி நிரம்பி வழிந்தால் அது தென்பெண்ணையைச் சேரும். ஆறு ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் கெலவரப்பள்ளி அணை. கனமழைக் காலத்தில் அணையின் மதகைத் திறந்தால் அங்கேயும் நுரை மலைபோல் குவிந்த செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று ஓடி, கடலூர் அருகே ஆறு கடலில் விழுகிறது. நுரை அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் கடலூருக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. பணக்காரர் வாங்குகிற சரக்கைக் கூலிக்காரரும் வாங்க வேண்டும் என்று சின்னி கிருஷ்ணன் சின்னச் சின்ன உறையில் சரக்கை அடைக்கத் தொடங்கியது அந்த ஊரில். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாகப் பிரிந்து சிக் ஷாம்பு சாஷேயைக் கொண்டுவந்தார். ஷாம்பு காட்டிய வழியில் சலவைப் பவுடரும் சாஷேக்குள் போனது. சாஷேயின் ஒரு நல்ல குணத்தை யாரும் பேசுவதில்லை: அதில் அளவு கட்டுப்பட்டிருக்கிறது. ஒரு உறையைக் கிழித்தால் ஒரு வாளிக்கு அவ்வளவுதான். மூன்று கிலோ வாளிப் பாக்கெட் வாங்கியவர் கை தாராளமாகிவிடுகிறது.

இனிக் காசுக்கு வருவோம். பெங்களூரில் ஒரே தெருவில் இரண்டு விதமான தண்ணீர் வரும். காவிரித் தண்ணீர் வரும் வீட்டுக்கும், போர்வெல்லோ டேங்கரோ வரும் வீட்டுக்கும் ஒரே பவுடர், ஒரே அளவு சரிப்படாது. உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தாமஸ் கிளார்க்கின் வித்தையே போதும். குளியல் சோப்பில் ஒரு சீவலை எடுத்து, பாதி பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்னீர். பால் திரிந்ததுபோல் கலங்கினால் கடினநீர். டிடர்ஜென்ட்டை வைத்துச் சோதிக்காதீர்கள், அது எதிலும் நுரைத்துக் காட்டும். மென்னீரானால் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியிலிருந்து ஆரம்பித்து, காலர் அழுக்கு போகிறதா என்று பார்த்து ஏற்றலாம். கடினநீரானால் சோடா மட்டும் நிறைந்த மலிவுப் பவுடர் துணியில் வெள்ளைத் திட்டாகப் படியும். அங்கே கொஞ்சம் நல்ல பவுடரோ திரவமோதான் கடைசியில் மலிவு. சர்ஜாபூர் சாலைப் பக்கத்து அடுக்ககங்களில் தண்ணீரை மென்மையாக்கும் எந்திரம் வைத்திருப்பார்கள். அங்கே குடியிருந்துகொண்டு போர்வெல் காலத்து அளவையே போடுகிறவர்கள் ஏராளம். (அதே சாலையில் தலைமையகம் வைத்திருக்கிற விப்ரோ, 1945-இல் எண்ணெய் ஆலையாகத் தொடங்கி, 787 என்று ஒரு துணிச் சோப்பு விற்ற கம்பெனி என்பது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.)

பாக்கெட்டின் மேல் இப்போது ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என விதி இருக்கிறது. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற எண்ணத்தை அது சில நேரம் உடைத்துவிடும். ஆனாலும் லலிதாஜியின் கணக்கு அதற்கு ஒரு படி மேலே. ஒரு பேச்சுக்கு, கிலோ 70 ரூபாய்ப் பவுடரில் ஒரு தடவைக்கு 100 கிராம் தேவைப்பட்டால் 7 ரூபாய். கிலோ 150 ரூபாய்ப் பவுடரில் 40 கிராம் போதுமென்றால் 6 ரூபாய். அதையே கை தவறி 80 கிராம் கொட்டினால் 12 ரூபாய். கம்பெனியை மாற்றுவதைவிட அளவுக் கரண்டியை மாற்றுவதில்தான் மிச்சம் அதிகம்.

முன்பக்கம் கதவு வைத்த மெஷினில் இந்தக் கூத்து உச்சத்துக்குப் போகிறது. அது துணியைத் தூக்கிப் போட்டு அடித்துத் துவைக்கிறது. நுரை பெருகினால் மெத்தை போட்டதுபோல் அடி படாது. சில புது மெஷின்கள் நுரையைக் கண்டுகொண்டு, தாமாகவே இன்னொரு முறை அலசும். தண்ணீரும் நேரமும் போகும். அதனால் அந்த மெஷினுக்கென்று விற்கும் பவுடரில் நுரையை அடக்க சிலிக்கோன் போன்ற சரக்கைச் சேர்க்கிறார்கள். விலையும் கூடுதல். நுரை வேண்டுமென்று ஒரு பாக்கெட்டுக்குக் காசு, வேண்டாமென்று இன்னொரு பாக்கெட்டுக்குக் காசு.

மூன்றாவது செலவு ஒன்று இருக்கிறது, அது கடை ரசீதில் வராது. பெங்களூரின் பெரிய அடுக்ககங்கள் தங்கள் கழிவுநீரைத் தாங்களே சுத்திகரிக்க வேண்டும். கீழ்த்தளத்தில் காற்று ஊதும் தொட்டி இருக்கும். காற்று புகுந்தால் நுரை எழும், வர்த்தூர் கோடி போலவே. எங்கள் அடுக்ககத்தில் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் காவேரிப்பட்டணத்துக்காரர், தென்பெண்ணைக் கரை. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் மெஷின் ஓடும். சாயங்காலம் தொட்டியில் நுரை விளிம்பைத் தாண்டும். அவர் ஒரு கேனிலிருந்து நுரையடக்கித் திரவத்தை ஊற்றுவார். “ஒரு நாளைக்கு எல்லாரும் சேந்து தொவைக்காம, வாரத்துல பிரிச்சுத் தொவைச்சாலே பாதி கேன் மிச்சங்க. பவுடரையும் கொஞ்சம் கம்மியாப் போடச் சொல்லி மீட்டிங்ல சொல்லுங்க சார்,” என்றார். சொன்னேன். கமிட்டியில் பவுடரைப் பற்றிப் பேச யாருக்கும் ஆர்வமில்லை. கேன் செலவு ‘இரசாயனங்கள்’ என்ற தலைப்பில், மாதப் பராமரிப்புக் கட்டணத்தில், சதுர அடிக் கணக்கில் எல்லார் தலையிலும் விழுகிறது.